வடையும் விற்பனையும்: தோழமை கெடாமல் ஒரு நேரடி விற்பனைச் சந்திப்பு

"சனிக்கிழமை மூன்று மணிக்குச் சும்மா ஒரு டீ குடிக்க வாங்க அக்கா." புலனத்தில் இப்படி ஓர் அழைப்பு வந்தால் நம்மில் பலருக்கு இப்போது முதலில் எழுவது சந்தேகம்தான். டீ மட்டும்தானா? இல்லை, மேசைக்கு அடியில் தண்ணீர் வடிகட்டி ஒன்று காத்திருக்கிறதா? அழைத்தவர் நெருங்கிய தோழியாக இருந்தாலும் "அன்றைக்கு ஒரு கல்யாணம் இருக்கு" என்று பதில் தட்டிவிடுகிறோம்.

நேரடி விற்பனை செய்யும் பெண்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் தாமான்களில் வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் டியூஷன் காசுக்கும் இந்த வருமானத்தை நம்பியிருப்பவர்கள் நிறைய பேர். வேலையை விட்டு வயதான மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவர், கணவரை இழந்தவர், கடை வைக்க முதல் இல்லாதவர் என்று பலருக்கு இது கௌரவமான ஒரு வழி. ஆனால் ஒரே சந்திப்பில் நான்கு பொருள் விற்று, இரண்டு தோழிகளை இழந்தவர்களும் உண்டு. அது நேராமல், சின்னச் செலவில் ஒரு சந்திப்பை எப்படி நடத்தலாம் என்று பார்ப்போம்.

இந்த முறை ஒன்றும் புதிதல்ல. டப்பர்வேர் டப்பாக்கள் அமெரிக்கக் கடைகளில் முதலில் சரியாக விற்கவில்லை. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றினால்தான் அது இறுக மூடும். அதை யாராவது செய்து காட்டினால்தானே புரியும்? 1951ல் அந்த நிறுவனம் கடைகளிலிருந்து பொருள்களை எடுத்துவிட்டு, வீட்டுச் சந்திப்புகள் வழியாக மட்டும் விற்கத் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தவர் பிரௌனி வைஸ் என்ற பெண்மணி. 1954ல் பிஸினஸ் வீக் இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். அதே நிறுவனம் 2024 செப்டம்பரில் கடன் சுமையால் திவால் பாதுகாப்புக் கோரியது வேறு கதை. செய்து காட்டி விற்பது என்ற யோசனை மட்டும் இன்னும் சாகவில்லை.

மாறியது இடம்தான். முன்பு தரை வீட்டின் வரவேற்பறையில் பாய் விரித்தால் இருபது பேர் உட்காருவார்கள். இப்போது பாதிப் பேர் அடுக்குமாடியில் இருக்கிறோம். ஆகவே சந்திப்புகள் மாமாக் கடைக்கும், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடிக்கும், அடுக்குமாடியின் பொது அறைக்கும், தாமான் மண்டபத்துக்கும் நகர்ந்துவிட்டன.

கடையில் நடத்துவதென்றால் முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை பெரும்பாலான கடைகளில் கூட்டம் குறைவு. பன்னிரண்டு பேர் வந்து ஆளுக்கொரு தண்ணீரும் ஒரு பலகாரமும் எடுப்பார்கள் என்று சொன்னால் மூலை மேசையை ஒதுக்கித் தர மறுக்கமாட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து பலகாரம் கொண்டுவரலாமா, மேசையில் பொருளைப் பரப்பலாமா என்பதைக் கேட்காமல் செய்யாதீர்கள். அடுக்குமாடியின் பொது அறை என்றால் நிர்வாகக் குழுவின் விதிகளைப் பாருங்கள். பிறந்தநாள் விழாவுக்குக் கொடுக்கும் அறையை வியாபாரத்துக்குக் கொடுக்காத இடங்கள் உண்டு. 'குடும்ப நிகழ்ச்சி' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டிகளை இறக்கினால் முன்பணம் போய்விடும். கோயில் மண்டபத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். கும்பிட வந்தவரை மடக்கி உட்கார வைப்பது நன்றாகவா இருக்கிறது?

நாள் பார்ப்பதும் முக்கியம். சம்பளம் வந்த முதல் வாரத்துக்கும் மாதக் கடைசிக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே தெரியும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போகும் நேரம் வேண்டாம். மலாய்த் தோழிகளையும் அழைத்தால் தொழுகை நேரத்தையும் நோன்பு மாதத்தையும் மனத்தில் வையுங்கள்.

இனி பலகாரம். இதில்தான் நம்மவர்கள் தவறாமல் அதிகமாகச் செலவு செய்கிறார்கள். 'பத்தாமல் போய்விட்டால் மானம் போய்விடுமே' என்ற பயம் நம் இரத்தத்தில் ஊறியது. பன்னிரண்டு பேருக்கு நூறு கறிபாப் வாங்கி, மீதியை இரவெல்லாம் வீட்டில் சாப்பிடுவார்கள். பிற்பகல் மூன்று மணி என்பது மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே. ஆளுக்கு நான்கு துண்டு போதும்: இரண்டு கறிபாப், ஒரு வடை, ஒரு இனிப்பு. பன்னிரண்டு பேருக்கு ஐம்பது துண்டு. அதோடு கொறிக்க ஒரு கிண்ணம் கச்சாங் பூத்தே. ஈப்போ புந்தோங் பக்கம் போகிறவர்கள் இருந்தால் அங்கிருந்தே வாங்கிவரச் சொல்லலாம்.

என்ன விற்கிறீர்களோ அதைப் பொறுத்துப் பலகாரத்தைத் தேர்ந்தெடுங்கள். சேலையோ துணியோ விற்கிறீர்கள் என்றால் எண்ணெய்ப் பலகாரம் எதுவும் அந்த மேசைப் பக்கமே வரக்கூடாது. பஜ்ஜி சாப்பிட்ட விரலால் பட்டுச் சேலையைத் தடவினால் அந்தச் சேலை உங்கள் கணக்கில்தான் சேரும். பிஸ்கட், உலர்ந்த கேக், வறுத்த கடலை போதும். முகப்பூச்சு, வாசனைத் திரவியம் விற்பவர்கள் சார்டின் ரொட்டியையும் வெங்காயப் பக்கோடாவையும் தவிர்க்க வேண்டும்; அந்த வாசனையில் ரோஜா மணம் எடுபடாது. சமையல் பாத்திரம் விற்பவர்களுக்குத்தான் அதிர்ஷ்டம். அந்தப் பாத்திரத்திலேயே இட்லியோ கொழுக்கட்டையோ அவித்து எடுத்தால் பலகாரமே விளக்கம் ஆகிவிடும். தண்ணீர் வடிகட்டி விற்பவர் அந்தத் தண்ணீரிலேயே டீ கலக்கட்டும். மசாலைத்தூள் விற்பவர் சின்னக் குவளையில் சூடாக ரசம் கொடுத்தால், பத்து நிமிடப் பேச்சு மிச்சம்.

நம் வெயிலையும் கணக்கில் எடுங்கள். கறிபாப்பும் மசால் வடையும் இரண்டு மணி நேரம் தாங்கும். உளுந்து வடை அப்படியல்ல, ஆறினால் ரப்பர்தான். சுண்டலுக்குத் தேங்காய்ப்பூவை வீட்டிலேயே கலந்து கொண்டுபோகாதீர்கள், பரிமாறும்போது தூவுங்கள். தேங்காய்ச் சட்னி மூடிய காரில் ஒரு மணி நேரம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொல்லிவருகிறது. சமைத்த நேரத்திலிருந்து அந்த நான்கு மணி. நீங்கள் மேசையில் வைத்த நேரத்திலிருந்து அல்ல.

சைவம் சாப்பிடுகிறவர் ஒருவராவது இருப்பார். வெள்ளிக்கிழமை, புரட்டாசி, தைப்பூச விரத நாள் என்றால் பாதிப் பேர் சைவம். எல்லாவற்றையும் சைவமாகவே வைத்துவிடுவது மிகவும் எளிது. முட்டை கலந்த கேக்கைத் தனித் தட்டில் வைத்து வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். முஸ்லிம் தோழிகள் வருகிறார்கள் என்றால் ஹலால் முத்திரை உள்ள பொட்டலங்களைப் பிரிக்காமல் வைப்பதும், காகிதத் தட்டு, காகிதக் குவளை பயன்படுத்துவதும் அவர்களுக்குச் சங்கடம் இல்லாமல் செய்யும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர் இருக்கிறாரா என்று அழைப்பிலேயே கேட்டுவிடலாம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். சிராப் பண்டுங்கை மட்டும் ஒரு பெரிய வாளியில் கலந்து வைக்காதீர்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இன்னும் அதிகம். நீங்கள் அழைக்கும் அத்தைகளில் எத்தனை பேர் மாத்திரை போடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். டீயைச் சீனி இல்லாமல் கலக்கி, சீனியைப் பக்கத்தில் வையுங்கள். வெறும் தண்ணீரும் இருக்கட்டும்.

செலவைக் குறைக்க இன்னொரு நல்ல வழி உண்டு. நீங்கள் அழைக்கும் பன்னிரண்டு பேரில் ஒருவராவது வீட்டில் முறுக்கோ கேக்கோ செய்து விற்பவராக இருப்பார். பலகாரத்தை அவரிடமே காசு கொடுத்து வாங்குங்கள். உங்கள் சந்திப்பில் அவருக்கும் நான்கு வாடிக்கையாளர் கிடைப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் முறுக்கைத் தவிர்க்கலாம். அப்போது எல்லார் வீட்டிலும் அதுதான், வந்தவரும் அதைத்தான் விற்றுக்கொண்டிருப்பார்.

பலகார மேசையும் பொருள் மேசையும் ஒன்றாக இருக்கக்கூடாது; நடுவே ஒரு நாற்காலியில் ஈரத் திசுத்தாளும் உலர்ந்த திசுத்தாளும். எதை எப்போது கொடுப்பது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. சூடான வடையை முதலிலேயே கொடுத்தால், சாப்பிட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்ப்பார்கள். கடைசிவரை கொடுக்காமல் வைத்திருந்தால் பிடித்துவைத்ததுபோல் இருக்கும். வந்ததும் ஒரு டீ, கொஞ்சம் கச்சாங் பூத்தே. பிறகு உங்கள் விளக்கம். அது முடிந்ததும் சூடான பலகாரம். ஆர்டர் தாள் அதற்கும் பிறகு.

விளக்கம் என்றால் இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மைக் பிடித்துப் பிழைக்கிறவள் என்பதால் இதை உரிமையோடு சொல்கிறேன். வானொலியில் நான்கு நிமிடம் தொடர்ந்து பேசினாலே கேட்பவர் அலைவரிசையை மாற்றிவிடுவார். உங்கள் தோழியால் மாற்ற முடியாது என்பதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. நிறுவனத்தின் வரலாறு, மேல்நிலை முகவர் வாங்கிய கார், வெளிநாட்டுப் பயணப் படங்கள் எதுவும் தேவையில்லை. பொருளைக் கையில் கொடுங்கள், வேலை செய்து காட்டுங்கள். விலையை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். கடைசியில் சொல்லப்படும் விலை எப்போதும் பெரிதாகவே கேட்கும். கடையில் மற்ற வாடிக்கையாளர் இருந்தால் ஒலிபெருக்கி வேண்டாம். மேசைகளைச் சேர்த்துப் போட்டுக் கிட்டே உட்காருங்கள்.

அழைக்கும்போதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். "நான் இந்தப் பாத்திரம் விற்கிறேன், சனிக்கிழமை செய்து காட்டுகிறேன், வாங்கித்தான் ஆகவேண்டும் என்று இல்லை." இப்படி எழுதினால் இருபது பேருக்குப் பதில் எட்டுப் பேர்தான் வருவார்கள். ஆனால் அந்த எட்டுப் பேரும் எதற்கு வந்தோம் என்று தெரிந்து வந்தவர்கள்.

சட்டப்பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கு 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனை, பிரமிட் திட்டத் தடைச் சட்டம் உண்டு. நிறுவனத்துக்கு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் உரிமம் வேண்டும், ஏ.ஜே.எல். என்று தொடங்கும் எண்ணைக் கேளுங்கள். அந்த எண் இல்லாத நிறுவனத்துக்காக உங்கள் சொந்தபந்தத்தைக் கூட்டாதீர்கள். பொருளைவிட ஆள் சேர்ப்பதற்கே அதிகக் காசு தருகிறார்கள் என்றால் அங்கேயே எழுந்துவிடுவது நல்லது. சத்து மாத்திரையோ பானமோ விற்றால், இது நீரிழிவைக் குணப்படுத்தும், புற்றுநோயைக் கரைக்கும் என்று பேசுவது 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். "எங்க மாமாவுக்குச் சரியாயிடுச்சு" என்று சொல்வதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? முகப்பூச்சு என்றால் அதற்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். நேரடி விற்பனை ஒப்பந்தங்களுக்குப் பத்து வேலை நாள் யோசனைக் காலமும் சட்டத்தில் உண்டு. பெரிய விலைப் பொருளுக்கு எழுத்தில் ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் கொடுத்து, அந்தக் காலத்தைப் பற்றியும் நீங்களே வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். இடத்துக்கும் பலகாரத்துக்கும் சேர்த்து 150 ரிங்கிட் செலவழித்தீர்கள், உங்களுக்குக் கிடைக்கும் பங்கு 25 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 600 ரிங்கிட்டுக்கு விற்றால்தான் போட்ட காசு திரும்பும். அதற்கு மேல் விற்பதில்தான் உங்கள் வருமானம். காட்டுவதற்காக வாங்கிய மாதிரிப் பொருள், பெட்ரோல், பரிசுக் குலுக்கலுக்கு வைத்த குவளை எல்லாம் இன்னும் சேரவில்லை. மூன்று சந்திப்புக்கு இந்தக் கணக்கை நோட்டில் எழுதி வாருங்கள். மூன்றிலும் கையிலிருந்தே போகிறது என்றால் பலகாரத்தைக் குறைப்பதால் அது சரியாகாது. பொருளைத்தான் மாற்ற வேண்டும். உங்கள் மாத இலக்கை எட்டுவதற்காக நீங்களே வாங்கி வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளையும் அந்த நோட்டில் எழுதுங்கள். பலர் அதை மட்டும் எழுதுவதில்லை.

வாங்காதவரை எப்படி அனுப்புகிறோம் என்பது கடைசி விஷயம். ஆர்டர் தாளை ஒவ்வொருவர் முகத்துக்கும் முன்னால் நீட்டாதீர்கள். மேசையில் வைத்துவிட்டுப் பலகாரம் எடுத்துவர உள்ளே போங்கள். 'கையில் காசு இல்லை' என்று எல்லார் முன்னாலும் சொல்ல வைப்பதுதான் தோழிகள் மறக்காத காயம். தவணை, கடன் அட்டை என்று அவருக்கு வழி சொல்லிக் கொடுக்காதீர்கள். மீந்த கறிபாப்பை, வாங்கியவர் வாங்காதவர் என்று பார்க்காமல் ஆளுக்கு ஒரு பொட்டலமாகத் தப்பாவ் கட்டிக் கொடுங்கள். மறுநாள் புலனத்தில் நன்றி சொல்லும்போது விலைப்பட்டியலைச் சேர்த்து அனுப்பாதீர்கள். வாங்காத தோழிக்கு அடுத்த வாரம் ஒரு முறை அழைத்து, அவர் பிள்ளையின் பரீட்சையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுங்கள்.