நிலத்தடியில் மரத்தூள் சுவர்: எத்தனை ஆண்டு பலன் தரும்?

பயிருக்கு இடும் தழைச்சத்து முழுவதையும் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. எஞ்சியதில் ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி, மழைநீருடனும் பாசன நீருடனும் கீழிறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடுகிறது. தொழுவக் கழிவும் செப்டிக் டேங்க் கழிவும் இதனுடன் சேர்கின்றன. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. அளவு மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் நீங்காது. நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

இத்தகைய நீரை மேலே இறைக்காமல், அது ஓடும் வழியிலேயே சுத்தம் செய்யச் சில நாடுகளில் மரத்தூள் சுவர்கள் அமைக்கப்பட்டுள்ளன.

செயல்படும் விதம்

நிலத்தடி நீரோட்டத்துக்குக் குறுக்கே, நீர்மட்டத்துக்குக் கீழே வரை நீண்ட பள்ளம் வெட்டி, தோண்டிய மண்ணுடன் மரத்தூளைக் கலந்து நிரப்புவர். பெயர்தான் சுவர், நீரை இது தடுப்பதில்லை, தன் ஊடே செல்லவிடுகிறது. நீரில் மூழ்கிய மரத்தூளில் பிராணவாயு விரைவில் தீர்ந்துவிடும். அப்போது சிலவகை பாக்டீரியாக்கள் மரத்தூளை உணவாகக் கொண்டு, சுவாசத்துக்கு நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன. நைட்ரேட்டின் பெரும்பகுதி நைட்ரஜன் வாயுவாக வெளியேறுகிறது.

நீண்டகால அனுபவம்

நியூசிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே, பால் தொழிற்சாலைக் கழிவுநீர் பாயும் மேய்ச்சல் நிலத்தில் 1996இல் இத்தகைய சுவர் ஒன்று அமைக்கப்பட்டது. நீளம் 35 மீட்டர். ஆழமும் அகலமும் 1.5 மீட்டர். உள்ளே வந்த நீரில் நைட்ரேட், நைட்ரஜன் கணக்கில், லிட்டருக்கு 5 முதல் 16 மில்லிகிராம் வரை இருந்தது. சுவருக்குள் அது 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. 14 ஆண்டுகளுக்குப் பிறகு சோதித்தபோதும் சுவர் நைட்ரேட்டை அகற்றிக்கொண்டிருந்தது. கனடாவின் லாங் பாயின்ட் பகுதியில் 1992இல் செப்டிக் டேங்க் கழிவுநீருக்காக அமைத்த சுவர், 15ஆம் ஆண்டில் வேகம் குறைந்திருந்தாலும் பயன்பட்டே வந்தது.

மரத்தூள் இவ்வளவு காலம் நீடிக்கக் காரணம் உண்டு. எப்போதும் நீரில் மூழ்கிய மரம் மெதுவாகவே மக்கும். நீர்மட்டம் அடிக்கடி இறங்கிக் காற்றுப் பட்டால் விரைவாக மக்கிவிடும்.

தோல்வி எங்கே வருகிறது?

மரத்தூள் தீர்ந்துபோவது மட்டுமே ஆபத்தன்று. நியூசிலாந்திலேயே பருமணல் பாங்கான மற்றோரிடத்தில் சுவர் அமைத்தபோது, தோண்டிக் கலந்ததில் மணலின் நீர் ஊடுருவும் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. நீர் எளிய வழியைத் தேடிச் சுவருக்கு அடியில் ஓடியது. சுவருக்குள் நைட்ரேட் அகன்றது. ஆனால் நீரின் பெரும்பகுதி உள்ளே வரவே இல்லை.

இரும்புத் துருவல் நிரப்பும் சுவர்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் எலிசபெத் சிட்டியில் குரோமியத்தை அகற்ற 1996இல் அமைத்த 46 மீட்டர் சுவர், 8 ஆண்டுகளுக்குப் பின்னும் பயன் தந்தது. எனினும் இரும்பின் மேல் உப்புகளும் துருவும் படிந்து துளைகள் அடைபடுவதுண்டு.

கவனிக்க வேண்டியவை

1. சுவருக்கு முன்னும், உள்ளேயும், பின்னும், இரு முனைகளுக்கு அப்பாலும், அடியிலும் சோதனைக் குழாய்கள் இறக்க வேண்டும். சுவருக்குள் மட்டும் எடுத்த நீரின் சோதனை ஏமாற்றிவிடும்.

2. நீரின் தரத்துடன் நீர்மட்டத்தையும் அளக்க வேண்டும். சுவருக்கு முன்னால் மட்டம் உயர்ந்துகொண்டே வந்தால் அடைப்பு என்று பொருள்.

3. முதல் சில மாதங்கள் மரத்தூளின் சாறு இறங்கி நீர் பழுப்பாகலாம். அருகில் குடிநீர்க் கிணறு இருந்தால் எச்சரிக்கை தேவை.

4. மேலிருந்து நைட்ரேட் வந்துகொண்டிருக்கும் வரை சுவரின் வேலை ஓயாது. ஆகவே உரத்தை மண் பரிசோதனைப்படி, பயிரின் தேவையறிந்து பிரித்து இடுவதே முதல் பாதுகாப்பு.

சுவர் புதைத்தாகிவிட்டது என்று கிணற்று நீர்ச் சோதனையை நிறுத்திவிடக்கூடாது. மண்ணுக்குள் நடப்பதைக் கண் காட்டாது, சோதனைதான் காட்டும்.