கஸ்டர்டு ஏன் கட்டி தட்டுகிறது?

பொதட்டூர்பேட்டையில் நெசவுப் பாவுக்குக் கஞ்சி காய்ச்சியவர்களுக்கு இது தெரியும்: மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். பழ டார்ட்டுக்குக் கஸ்டர்டு கிண்டும்போதும் அதே கதைதான்.

கஸ்டர்டு பவுடர் பெரும்பாலும் சோளமாவு. முட்டை ஒவ்வாத மனைவிக்காக 1837இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் உருவாக்கியது. சூடான பாலில் விழுந்த மாவின் வெளிப்புறம் உடனே ஊதிப் பசையாகி, உள்ளே ஈரம் புகாமல் அடைத்துவிடும். அந்தக் கட்டியைப் பிட்டுப் பாருங்கள், நடுவில் உலர்ந்த பொடி அப்படியே இருக்கும்! ஆறிய பாலில் முதலில் கரைத்தால் துகள்கள் தனித்தனியாகப் பிரியும். சுமார் 65 டிகிரியைத் தாண்டியதும் எல்லாம் ஒன்றாக ஊதிக் கெட்டியாகும்.

மேலே மாம்பழம் அடுக்குங்கள். பச்சை அன்னாசி மட்டும் வேண்டாம்: அதிலுள்ள புரோமெலைன் பால் புரதத்தைச் சிதைத்துக் கசக்க வைக்கும். பாகில் கொதிக்கவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும்.