குடிப்பவருக்கும் குடிக்காதவருக்கும் ஒரே மேசை: கபாப்போடு என்ன பரிமாறலாம்?

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மொட்டைமாடி. சிரட்டைக்கரி கனன்றுகொண்டிருந்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் இறைச்சிக் குச்சிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் சாராயப் போத்தல், சோடா, ஐஸ் வாளி, வெட்டிய தேசிக்காய், வறுத்த கடலை எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அதைச் சுற்றி ஆண்கள். மறுமூலையில் வாயு போன இரண்டு பெரிய சோடாப் போத்தல்களும் கடதாசிக் கோப்பைகளும். அங்கே பெண்கள், பிள்ளைகள், அவர்களோடு ஒரு மாமா. அவர் குடியை விட்டு இரண்டு வருடம். பிள்ளைகளின் கோப்பையோடு நின்ற அவரிடம் ஒருவர் மாறி ஒருவராக நாலு பேர் வந்தார்கள். “ஒண்டு மட்டும் எடுங்கோ அண்ணை, கபாப்புக்கு இதுதான் பொருத்தம்.” ஒன்பது மணிக்கு அவர் தலையிடி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார்.

நாலு பேர் சொன்னதில் இரண்டு பிழைகள். முதலாவது எது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது சமையல் பிழை. உறைப்பும் கொழுப்பும் புகையும் சேர்ந்த இறைச்சிக்குச் சாராயமும் சோடாவும் அப்படியொன்றும் பொருத்தமான துணை அல்ல. வாயு போன சோடாப் போத்தலும் அல்ல. இந்தக் கட்டுரை இரண்டாவது பிழையைப் பற்றியது. அதைத் திருத்தினால் முதலாவதும் பாதி திருந்தும் என்பது என் எண்ணம்.

இப்படி இரவில் கூடியிருந்து சாப்பிடுவது எங்களுக்குப் பழைய வழக்கம் அல்ல என்பதையும் இடையில் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டுக்கு ஓர் உறவினர் வந்து தங்கினால் முதல் வேலை பொலிஸ் பதிவு. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் காலத்தில் விருந்து என்பது கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல், பத்து மணிக்கு முன் முடிகிற விசயம். மொட்டைமாடியில் பதினொரு மணிவரை புகை எழுப்புவது ஒரு தலைமுறைக்கே புதிது. அதனால்தானோ என்னவோ, எப்படிப் பரிமாறுவது என்பதை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறோம்.

கபாப் எங்கள் குசினிக்குப் புதிதாக இருக்கலாம். கொழும்புக்குப் புதிது அல்ல. கொட்டாஞ்சேனையிலிருந்து கொஞ்சத் தூரத்திலுள்ள அளுத்கடையின் இரவுக் கடைகளில் சுட்ட இறைச்சி எப்போதும் உண்டு. கொம்பனித்தெரு மலாய் வீடுகளில் சாத்தே, கடலைச் சம்பலோடு. இரண்டு இடத்திலும் மது இல்லை. அளுத்கடையில் கபாப் சாப்பிட்டவர் அடுத்துக் கேட்பது பலூடா அல்லது பழச்சாறு. “மது இல்லாமல் கபாப்பா?” என்று கேட்பவர்கள் அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

இனி, வாய்க்குள் என்ன நடக்கிறது என்பது. மிளகாயின் உறைப்பைத் தருவது கப்சைசின் என்ற பொருள். அது தண்ணீரில் கரையாது. ஐஸ் தண்ணீர் குடித்தால் குளிர் இருக்கும்வரை ஆறுதல், பிறகு மறுபடியும் எரிவு. மதுசாரத்தில் கரையும், உண்மைதான். ஆனால் சோடா கலந்த ஒரு கிளாசில் இருக்கும் மதுசாரம் அதைக் கழுவி எடுக்கப் போதாது. அதோடு, நாக்கில் சூட்டை உணர்த்துகிற எந்த உணர்வாங்கியைக் கப்சைசின் தூண்டுகிறதோ, அதையே மதுசாரமும் தூண்டுகிறது. சோடாவின் வாயு நீரில் கரைந்து அமிலமாகி இன்னொரு குத்தலைச் சேர்க்கிறது. ஆக, நல்ல உறைப்பான கோழிக் கபாப்போடு சாராயமும் சோடாவும் குடிப்பவர் எரிகிற வாயில் இன்னும் இரண்டு தீக்குச்சி கிழிக்கிறார். எரிவை உண்மையில் தணிப்பது பாலிலும் தயிரிலும் உள்ள புரதம். அது கப்சைசினைப் பற்றி எடுத்துப் போய்விடும். இனிப்பும் ஓரளவு உறைப்பை மறைக்கும்; பலூடாவின் இரகசியம் இந்த இரண்டும்தான்.

கொழுப்புக்கு வேறு மருந்து. ஆட்டுக் கொழுப்பு நாக்கில் படிந்தால் அதைக் கிளப்புவது புளிப்பும் துவர்ப்பும். தேசிக்காய், பழப்புளி, கொடித்தோடை ஒரு பக்கம். தேயிலையின் துவர்ப்பு மறுபக்கம். புகைக்கு இஞ்சியும் கறுவாவும் நல்ல கூட்டாளிகள். இந்தக் கணக்கில் எங்கும் மது கட்டாயம் இல்லை என்பதைக் கவனியுங்கள். மது வேண்டுமானால் சேர்க்கலாம். அது மணத்தைத் தரும், மற்ற வேலைகளை எல்லாம் மற்றப் பொருட்கள் செய்கின்றன.

கபாப்பின் சொந்த ஊர்களில் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். துருக்கியில் கபாப்போடு அய்ரான், ஈரானில் தூக். இரண்டும் உப்புப் போட்ட, தண்ணீர் கலந்த தயிர். அதாவது எங்கள் மோர். துருக்கியின் அதானா நகரம் உறைப்பான கபாப்புக்குப் பெயர் போனது. அங்கே சல்காம் என்று, கறுப்புக் கரட்டைப் புளிக்க வைத்து எடுக்கும் உப்புப் புளிப்புச் சாற்றைக் குடிப்பார்கள். ரக்கி என்ற மது குடிப்பவரின் பக்கத்திலும் அதே சல்காம் இருக்கும், குடிக்காதவரின் கையிலும் இருக்கும். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. வெள்ளவத்தையில் மோர் என்றால் வெள்ளிக்கிழமைச் சைவச் சாப்பாட்டோடு நின்றுவிடுகிறது. இறைச்சியோடு மோரா என்று மாமி முகத்தைச் சுழிப்பார். ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

நான் இப்போது செய்வது இதுதான். முதலில் மது இல்லாத பானங்களைத் தீர்மானிப்பேன். எல்லோருக்கும் ஒரே கிளாஸ், ஒரே ஐஸ், ஒரே புதினா இலை. சாராயப் போத்தல் மேசையின் ஓரத்தில், ஓர் அளவுக் கோப்பையோடு தனியாக நிற்கும். வேண்டியவர் தன் கிளாசில் தானே ஊற்றிக்கொள்ளலாம். யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த மாமாவிடம் நாலு பேர் போனதற்குக் காரணம் அவர் கையிலிருந்த கடதாசிக் கோப்பை.

உறைப்பான கோழிக்கு மோர். ஒரு பங்கு புளித்த தயிருக்கு இரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீர், உப்பு, இடித்த இஞ்சி, கசக்கிய கறிவேப்பிலை, வறுத்துப் பொடித்த நற்சீரகம். பச்சைமிளகாய் வேண்டாம், அந்த வேலையைக் கோழி செய்கிறது. எருமைத் தயிர் என்றால் இன்னும் ஒரு பங்கு தண்ணீர். இதில் சாராயம் கலக்க வேண்டாம், நான் முயன்று பார்த்தாயிற்று.

அரைத்த மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் இஞ்சி. 150 கிராம் இஞ்சியைத் தோலோடு கழுவி இடித்து, அரை லீற்றர் தண்ணீரில் கால் மணித்தியாலம் மெல்லக் கொதிக்க விடுங்கள். இறக்கி 100 கிராம் பனங்கட்டி சேர்த்துக் கரைத்து வடித்து, குளிர வையுங்கள். ஒரு கிளாசுக்கு இதில் 50 மில்லிலீற்றர், அரைத் தேசிக்காயின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, நிறைய ஐஸ், மேலே 150 மில்லிலீற்றர் சோடா. பனங்கட்டியின் புகை வாசமும் கரியின் புகை வாசமும் ஒன்றையொன்று தேடி வந்ததுபோல் இருக்கும். காலி வீதியில் யாழ்ப்பாணச் சாமான் விற்கும் கடைகளில் பனங்கட்டி கிடைக்கும். சாராயம் சேர்ப்பவர்களுக்கு இதில் 30 மில்லிலீற்றர் போதும்.

கடையில் வாங்கும் ஜிஞ்சர் பியரை ஏன் பாவிக்கக்கூடாது என்று கேட்பீர்கள். பாவிக்கலாம், சாராயமும் ஜிஞ்சர் பியரும் இந்த நாட்டின் பழைய சோடி. பிரச்சினை சீனி. 2016இல் இலங்கையில் மென்பானப் போத்தல்களுக்கு நிற அடையாளம் வந்தபோது 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை என்று வகுத்தார்கள். மேலே சொன்ன இஞ்சிப் பானத்தில் 100 மில்லிலீற்றருக்கு 5 கிராம் அளவில்தான் வரும். குடிக்காதவர்கள் ஒரு மாலையில் மூன்று நான்கு கிளாஸ் குடிப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் மெற்போமின் போடுகிற மாமாக்களும் மாமிகளும். மதுவை விட்டவருக்குச் சீனியை ஊற்றிக் கொடுப்பது மரியாதை ஆகாது.

மீனுக்கும் இறாலுக்கும் பழப்புளி. 40 கிராம் பழப்புளியை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து வடித்து, மிளகு, நற்சீரகம், உப்பு, கொஞ்சம் பனங்கட்டி. ரசத்தைக் குளிர வைத்ததுபோல் என்று நண்பி ஒருத்தி கேலி செய்தாள்; பிறகு இரண்டு கிளாஸ் குடித்தாள். சைவக்காரருக்கு நீங்கள் சுடும் காளானுக்கும் பலாக்காய்க்கும் இதே பானம் பொருந்தும். குச்சிகளைத் தனித் தட்டில், இறைச்சிக்கு முன்பே சுட்டு எடுத்துவிடுங்கள்.

கடைசியாகத் தேயிலை. இது எல்லாக் கபாப்புக்கும் போகும், மலிவானதும்கூட. ஒரு லீற்றர் கொதிநீருக்கு நாலு தேக்கரண்டி தேயிலை, ஒரு துண்டுக் கறுவா, நாலு நிமிடம், உடனே வடிக்கவும். ஆறியபின் இரண்டு தோடம்பழத்தின் சாறும் ஒரு தேசிக்காயும். சாராயம் உண்மையிலேயே அழகாகச் சேரும் இடம் இதுதான். தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயத்தின் மெல்லிய பூ வாசம் தேயிலையில் தெரியும், சோடாவில் அமுங்கிவிடும். ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ‘பஞ்ச்’ என்ற பானமும் சாராயம், சீனி, எலுமிச்சை, தண்ணீர், வாசனைப் பொருள் அல்லது தேயிலை என்ற ஐந்தின் கூட்டு. ‘ஐந்து’ என்ற இந்தியச் சொல்லிலிருந்தே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். எங்கள் சரக்கு இலண்டன் போய் நாகரிகமான பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

அளவுக்கு வருவோம். கால் போத்தல் சாராயம் 180 மில்லிலீற்றர். 33.5 சதவீதச் சாராயம் என்றால் அதில் ஏறக்குறைய 48 கிராம் தூய மதுசாரம். “நான் பியர்தானே குடிக்கிறேன்” என்பவர் கையில் 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியரின் 500 மில்லிலீற்றர் டின் இருந்தால் அதில் 35 கிராம். கிட்டத்தட்ட முக்கால்வாசிக் கால் போத்தல். அளவுக் கோப்பையை மேசையில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். பாதுகாப்பான மதுவின் அளவு என்று ஒன்றும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. இந்தக் கட்டுரை அதற்கு விலக்குக் கேட்கவில்லை.

குடியை விட்டவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் இன்னும் சில கவனங்கள். சாராயம் கலந்த ஜக்கை ஒருபோதும் மேசையில் வைக்காதீர்கள். கலப்பது கிளாசில் மட்டும். சிலர் குடியை விடுவதற்காக டைசல்பிராம் என்ற மாத்திரை எடுப்பார்கள். அவர்களுக்குச் சிறிதளவு மதுவும் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு என்று ஆபத்தில் கொண்டுபோய் விடும். ‘மதுசாரமற்ற பியர்’ என்று விற்பவை சிலவற்றில் 0.5 சதவீதம்வரை இருக்கலாம். வாசனையே பழைய ஆசையைக் கிளப்பவும் கூடும். அதனால் அதை மாற்று என்று நீட்டாதீர்கள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்காதீர்கள். போர் எங்கள் சமூகத்தில் விட்டுச்சென்ற உளக்காயங்களைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியவற்றில் மதுப்பழக்கத்தின் பெருக்கமும் வருகிறது. எங்கள் மொட்டைமாடியில் நிற்பவர்களில் யார் எதை மறக்கக் குடித்தார்கள், எதற்காக நிறுத்தினார்கள் என்பது கபாப் திருப்பிக்கொண்டே கேட்கக்கூடிய கேள்வி அல்ல. அடி வாங்கிய மனைவியும் அதே மொட்டைமாடியில்தான் நிற்கிறார். அவரையும் நினைத்துத்தான் போத்தலை மேசையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தச் சொல்கிறேன்.

வாங்கும் நாள் பற்றி. கொழும்பில் உறவினர் கூடுவதற்கு வசதியான விடுமுறை போயா தினம். அன்று மதுக்கடையும் பூட்டு, இறைச்சிக்கடையும் பூட்டு. முதல்நாள் மாலை கொட்டாஞ்சேனை மதுக்கடை வரிசையைப் பார்த்தால் நாளை உலகம் முடிகிறதோ என்று தோன்றும். விருந்தை நடத்துபவர் பெண் என்றால் இன்னொரு சிக்கல்: பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற பழைய விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பச் செய்தார். பல கடைகளில் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் தம்பியைத்தான் அனுப்புகிறோம். இஞ்சியும் பழப்புளியும் தயிரும் வாங்க எந்த நாளும் யாரும் போகலாம். இறைச்சியை முதல்நாளே வாங்கித் தயிரில் ஊறப்போட்டால் அது இன்னும் மெதுவாகும்.

கரியை மொட்டைமாடியிலோ திறந்த பல்கனியிலோ மட்டும் மூட்டுங்கள். யன்னல் பூட்டிய அறைக்குள் கரிப்புகை ஆளைக் கொல்லும். பத்துப் பேருக்கு மேலே சொன்ன இஞ்சிச் சாற்றில் இரண்டு மடங்கு, மோர் நாலு லீற்றர், தேயிலை இரண்டு லீற்றர், ஐஸ் ஐந்து கிலோ என்று கணக்கு வைத்தால் காணும். மிஞ்சும் இஞ்சிச் சாற்றை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் அடுத்த வாரத் தேத்தண்ணிக்கு ஆகும்.