மலைபடுகடாம் காட்டும் உணவும் தேறலும்: பொருத்தமா, விருப்பமா?

முன்னுரை

உண்ணும் உணவுக்கேற்ற மதுவைத் தேர்ந்து பருகவேண்டும் என்பது ஐரோப்பியத் திராட்சை மது மரபில் வேரூன்றிய கருத்தாகும். இறைச்சிக்குச் சிவப்பு மது, மீனுக்கு வெள்ளை மது என்பது அதன் பரவலான விதி. இதற்குச் சுவை சார்ந்த காரணமும் உண்டு. சிவப்பு மதுவின் துவர்ப்பு, இறைச்சியின் புரதத்தோடும் கொழுப்போடும் சேரும்போது தணிகிறது. அம்மதுவில் உள்ள இரும்பு, மீனின் கொழுப்போடு சேரும்போது விரும்பத்தகாத வாடையை எழுப்புகிறது. இதற்கு மறுதலையாக, அவரவர்க்கு உவப்பானதே ஏற்றது என்று கொள்வாரும் உளர். பொருத்தம், விருப்பம் என்னும் இவ்விரண்டில் பழந்தமிழ் விருந்து எதனைச் சார்ந்து நின்றது என்பதை ஆற்றுப்படை நூல்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

மலைநிலத்து விருந்து

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட சவ்வாது மலைப்பகுதி இன்றும் சாமை, தேன், புளி ஆகியவற்றுக்குப் பெயர்பெற்றது. இம்மலைத்தொடரில் தோன்றும் செய்யாறு செங்கம் வழியாகப் பாய்கிறது. அச்செங்கமே, பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் போற்றும் நன்னன் சேய் நன்னனின் செங்கண்மா என்று கொள்ளப்படுகிறது. பெருங்கௌசிகனார் இயற்றிய 583 அடிகள் கொண்ட இப்பாட்டில் சேயாறும் இடம்பெறுகிறது. எனவே இம்மலைப்புறத்தின் பழைய உணவு வழக்கை அறிய இந்நூல் முதன்மைச் சான்றாகிறது.

நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழியிலுள்ள குடிகள் அளிக்கும் விருந்தைப் புலவர் படிப்படியாக உரைக்கிறார். ஓரிடத்தில் நெய்யில் வெந்த இறைச்சியோடு தினைச்சோறு கிடைக்கிறது. மற்றோரிடத்தில் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன் தேறலும், அதன்பின் நறவும் அளிக்கப்படுகின்றன. விடியலில் அக்களிப்பின் மயக்கம் தீரும்பொருட்டு வேறோர் உணவு வருகிறது. பலாவின் கொட்டை, கடமான் தசை, முள்ளம்பன்றியின் கொழுப்புள்ள இறைச்சி ஆகியவற்றோடு புளியும் மோரும் கலந்து, மூங்கிலரிசிச் சோற்றுடன் குறமகள் ஆக்கிய உணவு அது.

இங்கு இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, தேறல் முதிர்ந்த மூங்கிலே சோற்றுக்கான அரிசியையும் தருகிறது. பருகுவதும் உண்பதும் ஒரே சாரலின் விளைவாக அமைகின்றன. இரண்டாவது, இங்குப் பொருத்தம் சுவையை மட்டுமன்றிப் பொழுதையும் தழுவியது. இரவில் தேறல், வைகறையில் அதன் மயக்கம் நீக்கும் புளிப்புணவு என்னும் முறை, குடித்தவனின் உடல்நிலையைக் கருதியதாகும்.

பிற நிலங்களின் சான்று

இவ்வியல்பு மலைக்கு மட்டும் உரியதன்று. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர், நுளைமகள் வடித்த பழந்தேறலைச் சுட்ட உலர்மீனோடு அளிக்கின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் நெல்மாவூட்டிப் பல நாள் குழியில் வைத்துப் பேணிய ஆண்பன்றியின் கொழுந்தசை, களிப்பு மிகுந்த நறவோடு வழங்கப்படுகிறது. பன்றியைப் பல நாள் பேணியமை, இவ்விருந்து முன்னரே எண்ணி ஆயத்தம் செய்யப்பட்டது என்பதை உணர்த்துகிறது. இவற்றை ஒருங்கு நோக்கின், உணவும் தேறலும் நிலத்தால் இணைக்கப்பட்டன என்பது தெளிவாகும்.

இதற்கு மாறான காட்சியைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் காணலாம். நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் அப்பாட்டில், யவனர் கொணர்ந்த மணமிக்க மதுவை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, மன்னன் பருகி மகிழ்கிறான். உடன் உண்ணும் உணவு கூறப்படவில்லை. கடல்கடந்து வந்த மது செல்வத்தின் அடையாளமாகத் தனித்து நிற்கிறது. அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த மதுச்சாடிகள் அத்தகைய இறக்குமதியை உறுதிப்படுத்துகின்றன.

விருப்பத்தின் இடம்

நிலமே இணையை அமைத்ததெனின், உண்பவனின் விருப்பத்துக்கு இடமில்லையோ என்னும் வினா எழும். பொருநராற்றுப்படை இதற்கு விடை தருகிறது. கரிகாலன் வேகவைத்த இறைச்சியையும் கம்பியிற் கோத்துச் சுட்ட இறைச்சியையும் மேன்மேலும் அளிக்கிறான். பொருநர் அவற்றை வெறுத்தபோது, வற்புறுத்தாமல் பல வடிவிலான சுவைமிகு பண்டங்களைத் தந்து அமர்த்துகிறான். புரவலனின் ஏற்பாட்டை மாற்றும் உரிமை விருந்தினனின் நாவுக்கு இருந்தது என்பதை இது காட்டுகிறது.

ஆற்றுப்படை நூல்கள் புரவலரைப் புகழும் நோக்கின; அவற்றின் விருந்துக் காட்சிகளை அன்றாட உணவின் பதிவாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் விருந்து எவ்வாறு அமைதல் சிறப்பு என்று அக்காலத்தவர் கருதினர் என்பதற்கு அவை தக்க சான்றுகளே.

முடிவுரை

பொருத்தம், விருப்பம் என்பவற்றை ஒன்றற்கொன்று பகையாக நிறுத்தும் வழக்கு, எந்நாட்டு மதுவும் எவ்வூரிலும் கிடைக்கும் வாணிகச் சூழலுக்கே இயல்பானது. தேர்வுக்குரியன பலவாகும்போதே விதியும் வேண்டப்படுகிறது, அதை மறுக்கும் குரலும் எழுகிறது. செங்கண்மாவின் மலைவழியில் அத்தகைய தேர்வு இல்லை. எதனோடு எதனை உண்பது என்பதை நிலமும் பொழுதும் வகுத்தன. எவ்வளவு, எதுவரை என்பதை விருந்தினன் வகுத்தான். அவ்விரண்டையும் இசைவித்தது, வந்தவனின் முகமறிந்து ஊட்டிய விருந்தோம்பலே.