காதுக்கு முன்பே தெரியும்

கடல், தங்கம், பகல். மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்றிலும் ஒரே 'க'. ஆனால் மூன்று விதமாக ஒலிக்கிறது, இல்லையா? அந்த வேறுபாட்டைக் காட்ட அச்சில் எந்த அடையாளமும் கிடையாது. பின் எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்? உங்கள் காதுக்கு அது முன்பே தெரியும்!

ஒலிப்புத்தகம் வாசிப்புக்கு உதவுவது இதனால்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது மூளையின் கவனமெல்லாம் எழுத்திலேயே போய்விடும். வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். கூடவே ஒரு குரல் வாசித்தால் சுமை குறையும், கதை புரியும். எழுத்தைப் பார்க்கும் பகுதியும் ஒலியைக் கேட்கும் பகுதியும் மூளையில் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான இணைப்பு பழகப் பழக வலுப்படுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளைக் கேளுங்கள். ஆண்டாள் பிறந்த ஊர் அது. மார்கழி விடியலில் அவர் பாடிய திருப்பாவை காதில் விழுந்துகொண்டே இருக்கும். புத்தகத்தைப் பிரித்தால் பழந்தமிழ்ச் சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து ரயில்பெட்டிகள்போல நீண்டு கிடக்கும். எங்கே பிரிப்பது? பலமுறை கேட்ட காது சொல்லிவிடும்.

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் உண்டு. திருப்பாவையின் 30 பாசுரமும் மனப்பாடமாகிவிட்டால் கண் எழுத்தைப் பார்க்காமலே வாய் ஓடும். அது வாசிப்பு ஆகாது. நடுவில் ஒரு சொல்லை மட்டும் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் குரல் எந்தச் சொல்லில் இருக்கிறதோ, விரலும் அந்தச் சொல்லில் இருக்க வேண்டும். வெறுமனே கேட்டால் கதைதான் தெரியும், எழுத்து பழகாது.

புத்தகத்தைக் காதால் கேட்கும் யோசனை புதிதல்ல. 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்த எடிசன், மறு ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டார். பார்வையற்றோருக்கான பேசும் புத்தகமும் அதில் இருந்தது. 2022 ஜூனில் தமிழ்நாடு அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' மையங்களில் நடந்த வாசிப்பு மாரத்தானில் கதை தலைகீழானது. கூகுளின் ரீட் அலாங் செயலியில் பிள்ளைகள் வாசித்தார்கள், செல்போன் கேட்டுத் திருத்தியது.

செயலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ராஜபாளையத்தில் மில் ஷிப்டுக்குப் போகும் அம்மாவுக்குத் தினமும் கதை படித்துக்காட்ட நேரம் கிடைக்காது. லீவு நாளில் நாலு பக்கம் செல்போனில் பதிந்து வைத்துவிடலாமே! அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஐந்தாம் வகுப்பென்றால், இரண்டாம் வகுப்புத் தம்பியின் பாடத்தை நீங்களே வாசித்துப் பதிந்து கொடுங்கள். கொஞ்சம் மெதுவாக, அவன் விரல் பின்தொடரும் வேகத்தில்.