மலையேறும் பிள்ளையின் மூச்சுக் கணக்கு

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் நான் தமிழ் படிப்பிக்கிறேன். கீழ் லயத்துப் பிள்ளைகள் மேடேறித்தான் வரவேண்டும். தரம் 6 மாணவன் ஒருவன் தினமும் கடைசியாக வந்து சேருவான். இடாப்பில் பெயர் கூப்பிட்டால் உடனே பதில் வராது. "சோம்பேறி" என்று பலமுறை ஏசியிருக்கிறேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் எடுத்தபோது அவன் தாய் வந்து, "ராவு முழுக்க இழுத்துக்கிட்டே கெடப்பான் சேர். இவனை ஓட விட்றாதீங்க" என்றார். நான் ஏசியது ஒரு நோயாளிப் பிள்ளையை என்று அன்றுதான் தெரிந்தது. நான் வைத்தியனல்லன், அதன் பின் தேடி விளங்கிக்கொண்டதையே எழுதுகிறேன்.

நாம் உழைக்கும்போது உடலில் கரியமிலவாயு கூடும். அதில் 1 லீற்றரை வெளியேற்ற, சுகதேகியான பிள்ளை ஏறத்தாழ 30 லீற்றர் காற்றைச் சுவாசித்தால் போதும். நாட்பட்ட நுரையீரல் நோயில் சில பகுதிகளுக்குக் காற்றுப் போகும், இரத்தம் போதாது. வேறு சிலவற்றுக்கு இரத்தம் வரும், காற்று எட்டாது. ஆகவே அதே வேலைக்குக் கூடுதலாக மூச்சு வாங்க வேண்டும். மூச்சின் திறன் குறைவது என்பது இதுதான். குழாய்கள் சுருங்கியிருந்தால், உள்ளே போன காற்று முழுதாக வெளியேறுமுன் அடுத்த மூச்சு வந்துவிடும். நெஞ்சு நிரம்பியே நிற்கும், இழுக்க இடமிராது. உட்கார்ந்திருக்கையில் சாதாரணமாகத் தெரியும் பிள்ளை ஏற்றத்தில் திணறுவது இதனால்தான்.

நம் மலையும் இதைக் கூட்டுகிறது. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், கடல் மட்டத்தைவிட ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர்காற்று குழாயைச் சுருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் விறகடுப்புப் புகையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

இதை அளக்க முகமூடி மாட்டிச் சைக்கிள் மிதிக்கவைக்கும் பரிசோதனை உண்டு. அந்த வசதியில்லாத இடத்தில் ஆறு நிமிட நடைப் பரிசோதனை போதும். 30 மீற்றர் சமதளத்தில் பிள்ளை போய்வந்த தூரத்தை அளப்பார்கள். விரலில் கருவி மாட்டி ஒட்சிசனையும் பார்ப்பார்கள்.

அப்படியானால் பிள்ளையை ஓரமாக உட்காரவைப்பதா? அங்கேதான் நாம் பிழை விடுகிறோம். ஓடாத பிள்ளையின் தசைகள் தளரும். தளர்ந்த தசை சிறு வேலைக்கும் அதிக மூச்சுக் கேட்கும். முறையான பயிற்சி நுரையீரலைப் பெரிதாக மாற்றாவிட்டாலும் தாங்கும் சக்தியைக் கூட்டும் என்பதை ஆஸ்துமாப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வைத்தியர் சொன்னபடி முன்கூட்டியே இன்ஹேலர் எடுத்து, மெதுவாக உடலைச் சூடாக்கி, இடையிடையே ஓய்வு கொடுத்து ஆடவிடலாம். உதடு நீலம் பாய்ந்தாலோ பேச்சு முட்டினாலோ உடனே வைத்தியசாலைதான்.

குர்ஆன் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் மௌலவிமாரும் இதைக் கவனிக்கலாம். மற்றப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஓதும் இடத்தில் ஒரு பிள்ளை இரண்டு மூன்று முறை நிறுத்தினால், பாடம் வராததால்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். இரவில் இருமுகிறதா என்று உம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த மாணவன் இப்போது கிளினிக் போகிறான். போட்டியில் ஓடவில்லை, அணிநடையில் கொடி பிடித்து நடந்தான். இடாப்பில் அவன் பெயரை நான் கடைசியாகத்தான் கூப்பிடுகிறேன்.