பெயரை அடித்தால் வீடு மறையுமா?

ஜொகூர் மாநிலத்துக் கூலாயில், 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பதினாறு வயது மாணவன் ஒருவனைப் போலீசார் கைது செய்தனர். உடன் பயிலும் மாணவியரின் படங்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியால் ஆபாசப் படங்களாக மாற்றி, படம் ஒன்று இரண்டு வெள்ளிக்கு விற்றான் என்பது குற்றச்சாட்டு. இத்தகையவற்றை இணையச் சேவை நிறுவனங்களே அடைத்துவிட்டால் என்ன என்று பெற்றோர் கேட்பது இயல்பே.

அடைத்தல் என்பது யாது? இணையத்தில் ஒவ்வொரு தளத்திற்கும் ஒரு பெயர் உண்டு. அதற்குரிய எண்ணும் உண்டு. பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் ஏடு ஒன்றைச் சேவை நிறுவனம் வைத்திருக்கிறது. தடுக்கப்பட்ட தளத்தின் பெயரைக் கேட்பவருக்கு அவ்வேடு சரியான விடை தராது. தொலைபேசிப் புத்தகத்தில் ஒரு பெயரை அடித்துவிடுவது போன்றது இது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். வேறு புத்தகத்தைப் புரட்டுவோன் அதனைக் கண்டுகொள்வான்.

அந்த வேறு புத்தகத்தையும் மூட மலேசியா முயன்றதுண்டு. 2024 செப்டம்பரில், கூகிள், கிளவுட்பிளேர் ஆகியவற்றின் ஏடுகளை நாடிச் செல்லும் கேள்விகளை உள்நாட்டு ஏடுகளுக்கே திருப்புமாறு தொடர்பு, பல்லூடக ஆணையம் நிறுவனங்களைப் பணித்தது. சூதாட்டம், ஆபாசம் முதலியவற்றைத் தடுப்பதே நோக்கம் எனப்பட்டது. எதிர்ப்பு மிகுந்தது, சில நாட்களிலேயே அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதனை நிறுத்தச் சொன்னார். எதிர்த்தவர்கள் ஆபாசத்திற்குப் பரிந்தவர்கள் அல்லர். இன்று ஆபாசத்திற்கென மூடும் கதவு நாளை செய்திக்கும் மூடப்படலாம் அல்லவா? 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டமே இரு குரலில் பேசுகிறது: குற்றத்திற்கு இடந்தராமல் இயன்றவரை தடுக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்குக் கட்டளையிடுகிறது, இணையத் தணிக்கைக்கு இச்சட்டம் இடமளிப்பதாகக் கொள்ளலாகாது என்றும் கூறுகிறது.

நல்ல நோக்கமும் தவறுவதுண்டு. குழந்தைகளின் ஆபாசப் படங்களுக்கெனவே தடைப்பட்டியல் வைத்துள்ள பிரிட்டனில், 2008ஆம் ஆண்டு விக்கிப்பீடியாவின் ஒரு பக்கம் பழைய இசைத்தட்டு உறையொன்றின் பொருட்டுப் பட்டியலில் சேர்ந்தது. அந்நாட்டவர் பலர் விக்கிப்பீடியாவைத் திருத்தவே இயலாமற் போயிற்று. சில நாட்களில் தடை நீங்கியது.

இதனினும் கொடிய குறை வேறு. கோலாலம்பூரில் குழந்தைகளைப் பல்லாண்டு சீரழித்த ஆங்கிலேயன் ஒருவனுக்கு 2016இல் இலண்டன் நீதிமன்றம் இருபத்திரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தது. அவன் படங்களைப் பகிர்ந்தது சாதாரண ஏடு எதிலும் பெயரில்லாத மறைவு வலையில். அங்கே புகுந்து துப்பறிந்தவர்கள் ஆஸ்திரேலியப் போலீசார். அவ்வழக்கின் அதிர்ச்சிக்குப் பின் வந்ததே மலேசியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம். அத்தகைய படத்தை வைத்திருந்தாலே ஐந்தாண்டு வரை சிறை.

ஆயினும் அடைப்பு வீண் என்று தள்ளுவது நேர்மையன்று. தற்செயலாக வந்து விழுவோரை அது தடுக்கும். படம் ஒவ்வொரு முறை பார்க்கப்படும்போதும் அக்குழந்தை மீண்டும் அவமதிக்கப்படுகிறது. அந்தப் பார்வைகளைக் குறைப்பதும் சிறிய காரியமன்று. குழந்தைப் படங்களுக்கு மட்டும் உரியதாய், நீதிமன்றம் ஆராயத்தக்கதாய்ப் பட்டியல் இருக்குமானால் அதனை ஏற்கலாம். மூலப்படத்தை நீக்குவதற்கும் குற்றவாளியைப் பிடிப்பதற்கும் அதனை ஈடாகக் கொள்வதே பிழை.

கூலாயிலோ, அடைப்பதற்கென ஒரு தளமே இல்லை. எல்லார் கையிலும் உள்ள கைப்பேசியும் எவரும் பெறத்தக்க கருவியுமே அங்கே போதுமாயிருந்தன. 2026 சனவரி 1 முதல் நடப்பிலுள்ள இணையப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய படங்களை அகற்றும் கடமையை உரிமம் பெற்ற பெருந்தளங்களின் தலையில் வைக்கிறது. மலேசியாவில் எண்பது இலட்சம் பயனருக்குக் குறைந்த செயலிகளுக்கு அவ்வுரிமக் கட்டாயம் இல்லை.